என் ஃபோனில் ஆப் ஓடும், வங்கிதான் ஓடவிடாது

மாதம் பிறந்து ஐந்தாம் தேதி. வாடகை நாள். ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி காலை ஏழு மணிக்கே வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ போட்ட 'குட் மார்னிங்' அனுப்பியிருந்தார். மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அவரிடமிருந்து அது வரும். அர்த்தம் எனக்குப் புரியும்.

வங்கி ஆப்பைத் திறந்தேன். நேற்று வரை ஒழுங்காகத் திறந்த ஆப், ராத்திரியில் அப்டேட் ஆகியிருந்தது. லோகோ வந்தது, சுற்றியது, ஒரு பெட்டி எழும்பியது. உங்கள் ஃபோன் 'ரூட்' செய்யப்பட்டிருக்கிறது, பாதுகாப்புக் காரணங்களுக்காக ஆப்பைப் பயன்படுத்த முடியாது என்று சொன்னது. கீழே 'ஓகே' என்று ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஆப் தானாக மூடிக்கொண்டது.

என் ஃபோன் ரூட் செய்யப்பட்டது இல்லை. பூட்லோடர் பூட்டியிருக்கிறது. அந்த மாத செக்யூரிட்டி அப்டேட் வரை போட்டாச்சு. ஆனால் அதில் ஓடுவது கூகுள் கொடுத்த ஆண்ட்ராய்டு இல்லை, கிராபீன் ஓஎஸ். வங்கிக்கு அதுதான் பிரச்னை.

அன்றைக்கு வாடகையை ஆபீஸ் லேப்டாப்பில் நெட் பேங்கிங் வழியாக அனுப்பினேன். அதற்கு ஓடிபி எங்கே வந்தது தெரியுமா? வங்கி 'பாதுகாப்பில்லை' என்று கதவைச் சாத்திய அதே ஃபோனுக்கு.

முதலில், இது என்ன ஓஎஸ்?

கிராபீன் ஓஎஸ் வேறு கிரகத்திலிருந்து வந்த சமாச்சாரம் இல்லை. அதுவும் ஆண்ட்ராய்டுதான். கூகுள் பொதுவில் வெளியிடும் ஆண்ட்ராய்டு மூல நிரலை எடுத்து, பாதுகாப்பை இன்னும் இறுக்கி, கூகுளின் சொந்த ஆப்கள் எதையும் உள்ளே வைக்காமல் வெளியிடுகிறார்கள். டேனியல் மைக்கே என்ற டெவலப்பர் 2014-ல் வேறொரு பெயரில் தொடங்கிய வேலை, 2019 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. இப்போது அதற்குக் கனடாவில் லாப நோக்கமில்லாத அறக்கட்டளை இருக்கிறது. நன்கொடையில் ஓடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. கூகுளிடமிருந்து விலகி நிற்பதற்காக இதைப் போடுகிறவர்கள், அதற்காக முதலில் கூகுளின் பிக்சல் ஃபோனைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. என் நண்பர்கள் இதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை. காரணம் இருக்கிறது. பெரும்பாலான ஃபோன்களில் வேறு ஓஎஸ் போட்டால் பூட்லோடரைத் திறந்த நிலையிலேயே விட்டுவிட வேண்டும். அது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவை மட்டும் சாத்தி வைப்பது மாதிரி. பிக்சலில் வேறு ஓஎஸ் போட்ட பிறகும், அந்த ஓஎஸ்ஸின் சொந்தச் சாவியை வைத்துத் திரும்பப் பூட்ட முடியும். ஒவ்வொரு முறை ஃபோன் ஆன் ஆகும்போதும், உள்ளே இருக்கிற ஓஎஸ் அந்தச் சாவியால் கையெழுத்திடப்பட்டதுதானா, நடுவில் யாராவது கைவைத்தார்களா என்று ஹார்டுவேரே சரிபார்க்கும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் ஏன் மாறினேன்? பெரிய போராளி எல்லாம் இல்லை. 2025 டிசம்பர் தொடக்கத்தில், எல்லாப் புது ஃபோன்களிலும் சஞ்சார் சாத்தி ஆப்பை முன்கூட்டியே போட்டுத்தர வேண்டும் என்ற மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு பற்றிய செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே அந்தக் கட்டாயத்தை அரசு விலக்கிக்கொண்டது. அந்த மூன்று நாளும் டெஸ்க்கில் அதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். ஃபோனில் என்ன இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு என் ஃபோனைப் பார்த்தால், நான் போடாத, நீக்கவும் முடியாத ஆப்கள் ஒரு டஜன் இருந்தன. ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்சல் 8ஏ வாங்கினேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பிக்சல்கள் மலிவாகக் கிடைக்கும். அதில் அங்குள்ள வெரைசன் நிறுவனம் விற்றவை என்றால் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. கடையிலேயே செட்டிங்ஸுக்குள் போய் 'ஓஇஎம் அன்லாக்கிங்' ஸ்விட்ச் ஆன் ஆகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

போடுவது பயந்த அளவுக்கு இல்லை. கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, கேபிளைச் செருகி, திரையில் சொல்வதைச் செய்துகொண்டே போனால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

எது ஓடுகிறது?

'கூகுள் இல்லாத ஃபோனா? அப்போ வாட்ஸ்அப் வருமா?' இதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. வரும். டெலிகிராம், சிக்னல், யூடியூப், மேப்ஸ் எல்லாம் வரும். பிளே ஸ்டோரே வரும்.

எப்படி என்பதுதான் சுவாரஸ்யம். சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோனில் 'கூகுள் பிளே சர்வீசஸ்' என்று ஒன்று எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற ஆப்களுக்குக் கிடைக்காத சிறப்பு அதிகாரங்கள் அதற்கு உண்டு. உங்களிடம் அனுமதி கேட்காமலேயே பல கதவுகளைத் திறந்துகொண்டு போகும். கிராபீனில் வேண்டுமென்றால் அதே பிளே சர்வீசஸை நாமே போட்டுக்கொள்ளலாம். ஆனால் சாதாரண ஆப்பாகத்தான். லொகேஷன் வேண்டுமா, கேட்க வேண்டும். கான்டாக்ட்ஸ் வேண்டுமா, கேட்க வேண்டும். வீட்டுச் சாவி வைத்திருந்தவரை வாசலில் நிறுத்தி, காலிங் பெல் அடித்துவிட்டு வரச் சொன்ன மாதிரி. இந்த வசதியை 2021-ல் கொண்டுவந்தார்கள். இதற்கு முன்னால் இந்த ஓஎஸ் கணினிப் பாதுகாப்பு ஆட்களுக்கு மட்டுமானதாக இருந்தது. இப்போது என்னை மாதிரி ஆட்களும் வைத்துக்கொள்ள முடிகிறது என்றால் இதனால்தான்.

முதல் வாரம் வீம்புக்கு பிளே சர்வீசஸே இல்லாமல் இருந்து பார்த்தேன். பெரும்பாலான ஆப்களின் நோட்டிஃபிகேஷன் கூகுளின் சர்வர் வழியாகத்தான் வருகிறது. அது இல்லாவிட்டால் ஆப் திறக்கும், ஆனால் சத்தமே இருக்காது. சிக்னல் மாதிரி சில ஆப்கள் தாங்களே தனி இணைப்பு வைத்துச் சமாளிக்கும், மற்றவை ஊமை. நான் வேலை செய்கிற பத்திரிகையின் 'பிரேக்கிங் நியூஸ்' அலர்ட்டே எனக்கு வரவில்லை. எட்டாவது நாள், எடிட்டர் அழைத்து 'ஊர்ல இருக்கியா?' என்று கேட்ட பிறகு பிளே சர்வீசஸைப் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அன்றாட வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. டாக்ஸி ஆப் முதலில் கொஞ்சம் படுத்தியது. கட்டடத்துக்குள் நின்றால் நான் இருக்கும் இடம் தெரியாமல் முழித்தது, டிரைவர் அண்ணா பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டு கூப்பிட்டார். ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பினால் அப்படித்தான். செட்டிங்ஸில் நெட்வொர்க் லொகேஷனை ஆன் செய்ததும் சரியாகிவிட்டது. ஒரு கேம் திறந்ததுமே கிராஷ் ஆனது. அது ஓஎஸ்ஸின் குறை என்றுகூடச் சொல்ல முடியாது. ஆப் தன் மெமரியைத் தப்பாகக் கையாளும்போது சாதாரண ஃபோன் கண்டுகொள்ளாமல் விடும், கிராபீன் அங்கேயே பிடித்து நிறுத்தும். அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் கண்டிப்பைத் தளர்த்த ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. தளர்த்தினேன், ஓடியது. ஆனாலும் அந்த கேமை இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கூடவே வரும் கீபோர்டில் தமிழ் உண்டு, ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் வித்தை அதில் இல்லை. எனக்கு அது இல்லாமல் ஒரு வரி ஓடாது. அதனால் கூகுளின் ஜிபோர்டையே போட்டேன். தமிழுக்கான ஃபைல்களை இறக்கிக்கொண்ட பிறகு, அதற்கு இன்டர்நெட் அனுமதியை எடுத்துவிட்டேன். ஆமாம், இங்கே ஒவ்வொரு ஆப்புக்கும் இன்டர்நெட் வேண்டுமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்யலாம். நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிற ஆப், அதை வெளியே அனுப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே மாறலாம் என்று எனக்குத் தோன்றும்.

கான்டாக்ட்ஸ் விஷயமும் அப்படித்தான். அனுமதி கொடுத்தால்தான் நகர்வேன் என்று அடம்பிடிக்கிற ஆப்புக்கு, 'கொடுத்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு நாம் தேர்ந்தெடுத்த நாலு நம்பரை மட்டும் காட்டலாம். ஒன்றையுமே காட்டாமலும் விடலாம். அது புத்தகம் காலி என்று நினைத்துக்கொள்ளும்.

ஆக, 'ஆப் ஓடுமா' என்ற கேள்விக்கு என் பதில், ஏறக்குறைய எல்லாமே ஓடும். பிரச்னை ஓடுவதில் இல்லை.

அப்போ வங்கி ஏன் முரண்டு பிடிக்கிறது?

யுபிஐயிலிருந்து தொடங்குகிறேன். யுபிஐ ஆப்பை முதல்முறை திறக்கும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போகும், பார்த்திருப்பீர்கள். இந்த நம்பர், இந்த ஃபோன், இந்த ஆப் மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிற வேலை அது. கிராபீனில் இதற்கு எந்தத் தடையும் இல்லை. முதல் முயற்சியில் ஒரு ஆப் என்னை விரட்டியது. பார்த்தால், ஓஎஸ் போடுவதற்காக நான் ஆன் செய்த 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' அப்படியே கிடந்தது. நம் ஊர் வங்கி ஆப்கள் பலவற்றுக்கு அது ஆகாது. ஆஃப் செய்ததும் வேலை முடிந்தது. மாறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் ஆப் அந்த ரகம் இல்லை. ஆப் மூடிக்கொண்ட அன்றே என் ஃபோன் ஒரு நோட்டிஃபிகேஷன் காட்டியது. இந்த ஆப் 'பிளே இன்டெக்ரிட்டி'யைப் பயன்படுத்துகிறது என்று. எந்த ஆப் அதைத் தொட்டாலும் கிராபீன் இப்படிச் சொல்லிவிடும்.

பிளே இன்டெக்ரிட்டி என்பது கூகுள் நடத்துகிற ஒரு சான்றிதழ் கவுன்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி ஆப் கூகுளிடம் கேட்கும், 'நான் இப்போ இருக்கிற ஃபோன் நம்பத்தகுந்ததா?' கூகுளின் பதில் மூன்று தரங்களில் வரும். அடிப்படை, டிவைஸ், ஸ்ட்ராங். கிராபீன் அடிப்படையைத் தாண்டிவிடும். அடுத்ததில் நின்றுவிடும். ஏனென்றால் 'டிவைஸ்' தரம் கிடைக்க, அந்த ஃபோன் கூகுளிடம் முறைப்படி சான்று வாங்கிய ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். அந்தச் சான்றோடு கூகுளின் ஆப்களும், பிளே சர்வீசஸுக்கான சிறப்பு அதிகாரங்களும் சேர்ந்துதான் வரும். கிராபீன் வேண்டாம் என்று எடுத்ததே அதைத்தான். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், யூனிஃபார்ம் போடாமல் வந்தால் ஹால் டிக்கெட் கிடையாது.

அப்போ யூனிஃபார்ம் போட்ட ஃபோன் எப்படி இருக்கும்? எங்கள் அம்மாவின் ஃபோனைச் சொல்கிறேன். வாங்கி ஐந்து வருஷத்துக்கு மேல். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் கடைசி செக்யூரிட்டி அப்டேட் 2021 என்று இருக்கிறது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் எல்லாம் அந்த ஃபோனில் அப்படியே திறந்து கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் அனுப்பிய ஆப் எல்லாம் உள்ளே இருக்கிறது. அதே வங்கி, அதே ஆப். ஜம்மென்று திறக்கிறது. 'டிவைஸ்' தரத்துக்கு ஃபோன் சான்று பெற்றதா என்பதுதான் கேள்வி. எப்போது கடைசியாக அப்டேட் ஆனது என்பது இல்லை. 2025 மே மாதத்திலிருந்து, ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேலும் உள்ள ஃபோன்களுக்கு 'ஸ்ட்ராங்' தரம் வேண்டுமென்றால் மட்டும், கடந்த ஓராண்டுக்குள் வந்த செக்யூரிட்டி அப்டேட் இருக்க வேண்டும் என்று கூகுள் மாற்றியிருக்கிறது. அந்தத் தரத்தை வங்கிகள் கட்டாயமாக்கினால், அப்படி அப்டேட் நின்றுபோன ஃபோன் வைத்திருக்கிற எத்தனை பேர் வெளியே நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், உண்மையிலேயே ஃபோனை ரூட் செய்தவர்கள் இந்தச் சோதனையை ஏமாற்றுவதற்கென்றே மாட்யூல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சான்று பெற்ற ஏதோ ஒரு ஃபோன் மாதிரி வேஷம் போட்டு உள்ளே போய்விடுவார்கள். கூகுள் அடைக்கும், அவர்கள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள். ஆக, ஏமாற்றத் தெரிந்தவருக்கு வழி இருக்கிறது. உண்மையைச் சொல்கிற ஃபோன்தான் மாட்டிக்கொள்கிறது.

வங்கியின் பயம் பொய்யா?

இல்லை. இதை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. கஸ்டமர் கேரில் பேசிய பெண், 'மேடம், சிஸ்டம் அப்படித்தான் காட்டுது, வேற மொபைல்ல ட்ரை பண்ணுங்க' என்று மூன்று முறை பொறுமையாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வாடிக்கையாளர் பணம் போனால் வங்கிதான் பதில் சொல்ல வேண்டும். உலகத்தில் இருக்கிற எல்லா ஓஎஸ்ஸையும் சோதித்துப் பார்க்க எந்த வங்கிக்கும் ஆளில்லை. பூட்லோடரைத் திறந்து போட்டுவிட்டு, யாரோ செய்த ஆண்ட்ராய்டை ஏற்றிக்கொண்டு திரிகிற ஃபோன்களும் இருக்கின்றன. அதில் வங்கி ஆப்பை அனுமதிக்க யோசிப்பது நியாயம்தான்.

ரிசர்வ் வங்கியும் இதைப் பேசியிருக்கிறது. டிஜிட்டல் பணப் பரிமாற்றப் பாதுகாப்புக்காக 2021 பிப்ரவரியில் அது வெளியிட்ட வழிகாட்டுதலில், ஃபோன் ரூட் செய்யப்பட்டதா என்று பார்த்து, ஆம் என்றால் ஆப்பை இயங்கவிடாமல் தடுக்கும் வழியை வங்கிகள் ஆராயலாம் என்று இருக்கிறது. கவனியுங்கள், ரூட் பற்றித்தான் பேச்சு. ரூட் என்றால் ஓஎஸ்ஸின் அடித்தளம் வரை யாராவது கைவைக்க முடிகிற நிலை. என் ஃபோனில் அது இல்லை, கிராபீன் அதை விரும்புவதும் இல்லை. 'ரூட் ஆனது' என்ற ஒரு வரியை, 'கூகுள் சான்று இல்லாதது' என்பதற்கும் சேர்த்துப் பயன்படுத்துவது வசதிக்காகச் செய்கிற வேலை. எனக்குத் திரையில் காட்டிய வரி உண்மையே இல்லை என்பதுதான் முதல் கோபம்.

அடுத்தது. நம் ஊரில் பணம் எப்படிப் போகிறது? டிராஃபிக் சலான் என்றும் கல்யாணப் பத்திரிகை என்றும் வாட்ஸ்அப்பில் வருகிற 'ஏபிகே' ஃபைலைத் தட்டி, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸைப் படிக்க விட்டு, பணம் போகிறது. 'கஸ்டமர் கேர்' என்று அழைத்தவர் சொன்னார் என்று ஸ்கிரீன் ஷேரிங் ஆப்பைப் போட்டுப் பணம் போகிறது. டெஸ்க்கில் வாரத்துக்கு ஒரு செய்தியாவது இதைப் பற்றி எழுதுகிறோம். கடையில் வாங்கிய, சான்று பெற்ற சாதாரண ஃபோன்களிலேயே இதெல்லாம் நடக்க முடிகிறது. பிளே இன்டெக்ரிட்டியின் 'டிவைஸ்' முத்திரை அந்த வாட்ஸ்அப் பத்திரிகையை நிறுத்தாது.

இன்னும் ஒன்று, இது எனக்கே எழுதும்போதுதான் உறைத்தது. பட்டன் ஃபோனில் யுபிஐ உண்டு. ஸ்டார் 99 ஹேஷ் டயல் செய்யலாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்த '123பே' வழியாக, ஸ்மார்ட்ஃபோனே இல்லாமல் பணம் அனுப்பலாம். நல்ல திட்டம், வேண்டிய திட்டம். அங்கே எந்த ஓஎஸ், எத்தனாவது அப்டேட், யார் கொடுத்த சான்று என்று யாரும் கேட்பதில்லை. ஆயிரத்து சொச்சம் ரூபாய் பட்டன் ஃபோனை நம்புகிற அமைப்புக்கு, பூட்டின பிக்சலைப் பார்த்தால் பயம்.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, ஹார்டுவேர் சரிபார்ப்பு. ஃபோனுக்குள் இருக்கிற பாதுகாப்புச் சிப், ஒரு கையெழுத்திட்ட சான்றைக் கொடுக்க முடியும். பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, எந்தச் சாவியால் கையெழுத்தான ஓஎஸ் ஓடுகிறது, செக்யூரிட்டி அப்டேட் எந்த மாதத்தையது எல்லாம் அதில் இருக்கும். ஆப் அதைக் கேட்டு வாங்கித் தன் சர்வரில் சரிபார்க்கலாம். கிராபீன் தன் சாவிகளின் விவரத்தை வெளிப்படையாகப் போட்டிருக்கிறது. வங்கி செய்ய வேண்டியது, அந்தப் பட்டியலைத் தன் அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது. அவ்வளவுதான். இது பிளே இன்டெக்ரிட்டியைவிட நேரடியான கேள்வி. 'கூகுள் உன்னை அங்கீகரித்ததா' என்று கேட்பதற்குப் பதில் 'உன் பூட்டு சரியா இருக்கா' என்று கேட்கிறது. அம்மாவின் ஃபோனுக்கும் இதே கேள்வியைக் கேட்டால் வங்கிக்கு உண்மை தெரியும். தெரிந்துகொள்ள வங்கிகள் ஆசைப்படுமா என்பது வேறு.

இதற்கு வேலை பிடிக்கும். பிளே இன்டெக்ரிட்டி என்றால் கூகுள் கொடுக்கிற பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். இது என்றால் யாராவது உட்கார்ந்து படித்து, சோதித்து, பராமரிக்க வேண்டும். கிராபீன் ஆட்கள் சின்னக் கூட்டம். அவர்களுக்காக யார் மெனக்கெடுவார் என்று கேட்டால், என்னிடம் வணிகரீதியான பதில் இல்லை.

ஆனால் வேறொரு பதில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு சந்தையில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில உத்தரவுகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதி செய்தது. ஃபோன் தயாரிப்பாளர்களோடு கூகுள் போட்ட ஒப்பந்தங்கள் போட்டியை எப்படி நசுக்குகின்றன என்பதுதான் அந்த வழக்கின் மையம். ஒரு கை இப்படி அபராதம் போட, இன்னொரு பக்கம் நம் வங்கிகள் 'கூகுள் சான்று இருந்தால்தான் உள்ளே' என்று வாசலில் எழுதி வைத்தால், அந்த அபராதத்துக்கு என்ன அர்த்தம்? நாளைக்கு இங்கேயே யாராவது நல்லதாக ஒரு ஓஎஸ் செய்தாலும் இதே வாசலில்தான் நிற்க வேண்டும். தனிநபர் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவருக்கு சம்பளக் கணக்கு ஆப் கிடையாது என்றால், அது உரிமையா, ஆடம்பரமா?

ரிசர்வ் வங்கியின் அடுத்த வழிகாட்டுதலில் இரண்டு வரி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். ஆப்பைத் தடுத்தால் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும். ஹார்டுவேர் சான்று தர முடிகிற ஃபோனை, கூகுள் முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது.

சரி, நீங்கள் மாறலாமா?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உடனே பிக்சல் வாங்கப் போகாதீர்கள். பாதிப் பேருக்கு இது தேவையில்லை. முதலில் இப்போதைய ஃபோனிலேயே லொகேஷன், கான்டாக்ட்ஸ், மைக் அனுமதிகளைக் குறையுங்கள். தேவையில்லாத ஆப்களைத் தூக்குங்கள். அதுவே பெரிய வித்தியாசம்.

மாறுவதாக முடிவு செய்தால், பழைய ஃபோனை விற்காமல் ஒரு மாதம் வைத்திருங்கள். உங்கள் வங்கி ஆப், ஆபீஸ் ஆப், ஓடிபி தருகிற ஆப் மூன்றையும் முதல் நாளே சோதித்துப் பாருங்கள். ஓடிபி ஆப்பை ஏன் சொல்கிறேன் என்றால், ஆத்தி என்ற பிரபலமான ஆப் 2024-ல் கிராபீனில் லாக்-இன் செய்வதைத் தடுத்து, அதை நம்பியிருந்தவர்களைத் தவிக்க விட்டது. பாதுகாப்புக்கான ஆப், பாதுகாப்பான ஓஎஸ்ஸை வெளியே தள்ளியது. இன்று ஓடுகிற ஆப் அடுத்த அப்டேட்டில் ஓடாமல் போகலாம். அதற்கு உங்கள் ஃபோனில் எதுவும் உடைய வேண்டியதில்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும். இந்த நிச்சயமின்மைதான் கிராபீனின் உண்மையான விலை. பிக்சல் விலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் வாடகைப் பிரச்னையை நான் தீர்த்துக்கொண்டது இப்படி. யுபிஐயில் எந்த வங்கிக் கணக்கையும் எந்த யுபிஐ ஆப்பிலும் சேர்க்கலாம் இல்லையா? என் ஃபோனில் ஓடுகிற வேறொரு ஆப்பில் அதே சம்பளக் கணக்கைச் சேர்த்தேன். அதே கணக்கு, அதே சிம், அதே ஃபோன். பணம் போகிறது. கார்டு லிமிட் மாற்றவும் ஆர்டி பார்க்கவும் மட்டும் பழைய ஃபோன். அது மேஜை டிராயரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போடுகிறேன்.

வங்கிக்கு இரண்டு மெயில் அனுப்பினேன். பூட்லோடர், ஹார்டுவேர் சான்று எல்லாம் விளக்கி, ஸ்கிரீன்ஷாட் வைத்து. இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லியிருந்தார்கள். புகார் எண்ணுக்கு எதிரே 'தீர்க்கப்பட்டது' என்று இருக்கிறது. மூன்றாவது மெயிலை ஐந்தாம் தேதிக்கு முன்னால் அனுப்ப வேண்டும்.